எல்லாரும் நெட்டை அணையுங்கள்

வடதுருவப் பனிக்கடலோரம் இருக்கிற எங்கள் ஊரில் புயலடித்தால் இன்டர்நெட் படுத்துவிடும். காற்று டிஷ்ஷைச் சாய்த்துவிடுகிறது என்று தெற்கேயிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை. வானம் தெளிந்திருந்தால் ஊரே சீல் வேட்டைக்குப் போய்விடும், புயலடித்தால் ஊரே வீட்டில் உட்காரும். இருப்பதோ எல்லாருக்குமாக ஒரே சாட்டிலைட் இணைப்பு.

நான் ஆணையத்தின் முன் பேச வேண்டிய நாளும் புயலாகத்தான் விடிந்தது.

வடக்கே கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் போட ஒரு கம்பெனி அந்த ஆணையத்திடம் அனுமதி கேட்டிருந்தது. எங்கள் ஊரைக் கடைசிக் கட்டத்தில் தள்ளியிருந்தார்கள். கடைசிக் கட்டம் என்றால் என் தலை நரைத்த பிறகு வரும், அல்லது வரவே வராது. காரணம் ஒரே வரி: ‘இவ்வூரில் இணையப் பயன்பாடு குறைவு.’ குறைவாம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, இந்த ஊரில் உட்கார்ந்தபடியே நெட்டில் படித்து வாங்கியது. ஒரு பாடத்தின் வீடியோவைத் திறக்க வைத்துவிட்டு, காரிபு மான் தொடையை வெட்டி, வேகவைத்து, தின்று, பாத்திரமும் கழுவிவிட்டு வருவேன். அப்போதும் அது திறந்திருக்காது.

ஊராட்சி அலுவலகக் கணினியின் முன் உட்கார்ந்தேன். பக்கத்து அறைதான் ஊர் ரேடியோ. அதை நடத்துகிற சியாசி மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் கேளுங்க. எங்கம்மா இன்னிக்கு ஆணையத்துக்கிட்ட பேசப்போறா. அவ முடிக்கிற வரைக்கும் நெட்டை அணைச்சு வையுங்க. யாராவது தொட்டீங்க, சாயங்காலம் ரேடியோவுல பிங்கோ ஆட்டம் கிடையாது.”

எங்கம்மா என்றது என்னை. சியாசிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவள் தாய் பிட்சியுலாக் இறந்த கொஞ்ச நாளில் நான் பிறந்தேன், அந்தப் பெயரை எனக்கு வைத்தார்கள். எங்களில் பெயர் வந்தால் உறவும் கூடவே வந்துவிடும். சியாசிக்கும் அவள் தம்பி நௌயாவுக்கும் நான் அம்மா. கணக்குப் பார்த்தால் பாதி ஊருக்கு நான் பெற்றவள், மீதிக்கு மாமியார்.

சியாசி கதவிடுக்கில் தலையை நீட்டினாள். “அம்மா, மூஞ்சிய உர்ருனு வெச்சுக்காத. பயந்துருவாங்க.”

“பயப்படட்டும்.”

திரையில் ஆணையத் தலைவி தெரிந்தார். பக்கத்தில் நீல டை கட்டிய கம்பெனி ஆள். நான் பெயரைச் சொல்லி இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். தலைவியின் முகம் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

அதே நேரம் ரேடியோ அறையில் போன் அடித்தது. சியாசி ஸ்பீக்கரில் போட்டாள். நௌயாவின் குரல்.

“அக்கா, அம்மா ஏன் கண்ணை மூடிக்கிட்டே இருக்கா? மயக்கமா?”

“நீ எங்கடா அவளைப் பார்த்த?”

“ஆணையத்தோட லைவ்ல.”

“நெட்டை அணைக்கச் சொன்னேன்ல?”

“பாட்டு, படம் எல்லாத்தையும் அணைச்சுட்டோமே. இது மட்டுந்தான் ஓடுது. அம்மா பேசறதைப் பார்க்காம எப்படி இருக்கறது?”

வைத்ததும் மறுபடி அடித்தது. எடுத்தால் அதே கேள்வி. வேறெதையும் பார்க்காமல், மரியாதையாக, ஊர் மொத்தமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“அறிவிருக்கா இவங்களுக்கு?” என்று கத்தினேன். “நான் பேசறதைக் கெடுக்கறதுக்கு நானே ஊரைக் கூட்டி வெச்ச மாதிரி ஆச்சு.”

“பெத்த பிள்ளைங்கள அப்படித் திட்டாத,” என்ற சியாசி மைக்கை வயரோடு இழுத்துவந்து என் மேஜைமேல் வைத்தாள். “எல்லாரும் லைவ்வை மூடுங்க. ரேடியோலயே கேக்கலாம். மூஞ்சிய நாளைக்குக் கடையில பார்த்துக்கங்க, அப்படி ஒண்ணும் அழகில்ல.”

கொஞ்சம் கொஞ்சமாகத் திரை அசைந்தது.

“திரும்ப வந்துட்டீங்க,” என்றார் தலைவி. “புயலா?”

“இல்லைங்க. என்னைப் பார்க்க ஊரே உள்ள நுழைஞ்சிட்டாங்க, இடம் பத்தல. இப்ப எனக்காக எல்லாரும் அணைச்சுட்டாங்க. இந்த நிமிஷம் கணக்கெடுத்தா எங்க ஊர்ப் பயன்பாடு நான் ஒருத்திதான். வாசல்ல ஒருத்தர்தான் நுழைய முடியும்னா, ஒருத்தருக்குத்தான் பசின்னு எழுதுவீங்களா?”

தலைவி கம்பெனி ஆளிடம் திரும்பினார். “இந்தக் கணக்கு எப்ப எடுத்தது?”

அவர் தாளைப் புரட்டினார். “ஜூலையில.”

“ஜூலையில எல்லாரும் கோடை முகாம்ல மீன் பிடிச்சுக்கிட்டிருப்போம்,” என்றேன். “ஊர்ல நாய்கூட இருக்காது. வந்து யாரை எண்ணினீங்க?”

தலைவி மறுபடி அவரிடமே திரும்பினார்.

“இவங்களை முதல் கட்டத்துல சேர்க்க என்ன தடை?” என்றார் தலைவி.

“பெருசா ஒண்ணும் இல்ல. கேபிள் எப்படியும் அந்தக் கரையோரமாத்தான் போகுது.”

எங்கள் கரையோரமாகவே போகிறதாம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

“அப்போ சேர்த்துத் திருத்திக் குடுங்க. இவங்க பேர் இல்லாத திட்டத்துக்கு அனுமதி கிடையாது.”

சியாசி மைக்கைப் பிடுங்கினாள். “கேட்டீங்களா? முதல் கட்டம்.”

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எல்லா வீட்டிலும், ரேடியோவில் கேட்டது நிஜந்தானா என்று பார்க்க, நெட்டைப் போட்டுவிட்டார்கள். தலைவி கையைத் தூக்கியபடி உறைந்துபோனார்.

“கோவமா, அம்மா?” என்றாள் சியாசி.

“இல்ல,” என்றேன். இல்லைதான். அடுத்த போன் அடித்தது, நானே எடுத்தேன்.