முப்பத்தொரு கிலோமீட்டர் புகை

லாரிக்காரியின் வண்டி கக்கிய புகை கலைந்து போகாமல் ரோட்டிலேயே கிடந்தது. கோடையின் முதல் வாரத்தில் அது ஆரம்பித்தது. வண்டி போய் வெகுநேரம் ஆன பிறகும், லாரி ஸ்டாண்டிலிருந்து சிமெண்ட் கிடங்கு வரை முப்பத்தொரு கிலோமீட்டருக்கு, இடுப்பு உயரத்தில், கறுப்பாக ஒரே நீட்டாக நின்றது. மற்ற வண்டிகள் இடித்து இடித்து அதை ஓரத்துக்குத் தள்ளின. போகும்போது விட்டது ஒரு ஓரம், வரும்போது விட்டது மறு ஓரம். காற்றடித்தால் கொஞ்சம் ஆடும். மழை பெய்தால் நனையும், கரையாது. ஈரத்துண்டு அளவுக்குக் கனம் இருக்கிறது என்று தூக்கிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கையால் உயர்த்திப் பிடித்துக் குனிந்து போகப் பழகிவிட்டார்கள். கை கரியாகிறது என்பது ஒன்றுதான் அவர்களுக்குக் குறை.

அந்தக் குறை ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தது. ஸ்டாண்டில் நாற்பது லாரிகள், நாற்பது எண்கள். எண் வரிசைப்படிதான் லோடு. எண் கிடைக்கப் பதினொரு வருடம் காத்திருக்க வேண்டும்; எண் போனால் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். லாரிக்காரியின் ஏழாம் எண் அவள் புருஷன் காத்திருந்து வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன்னால் சரிந்த மூட்டை அவர் இடுப்பை முறித்துப் போட்டது. அவள் நாலே மாதத்தில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு சாவியை எடுத்தாள். வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஏழாம் எண்ணால்தான்.

வரிசை எழுதும் பெரியவர் நோட்டை மூடி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உன் புகைய நீயே சாயங்காலம் சுருட்டிக்கிட்டுப் போயிட்டா நான் ஏன் வாயத் தொறக்கப்போறேன்?”

“சுருட்டிப் பாத்தாச்சுண்ணே. பீரோவுல இடம் பத்தல.”

“சிரிக்காத. வர்ற ஒண்ணாந்தேதி உன் பைப்புல வெள்ளைத் துணி கட்டுவேன். கறுத்துச்சுன்னா ஏழாம் நம்பர் வேற ஆளுக்கு. எனக்கும் வேற வழியில்ல.”

அவள் கொழுந்தன் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தான். மெக்கானிக் என்றால் அந்தப் பக்கத்தில் அவன்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான்; கண்மை அப்பியது போல் உலர்ந்த கரி. மற்ற லாரிகள் மாதிரி டீசல் இல்லை, பெட்ரோல் வண்டி அது. காற்றுக்கு அதிகமாகப் பெட்ரோல் உள்ளே போகிறது, பாதி எரியாமல் புகையாக வருகிறது, அதுவரைக்கும் சந்தேகமில்லை. ஏன் அதிகமாகப் போகிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஏர் ஃபில்டரை மாற்றினான். இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவி, சொட்டுகிறதா என்று ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தான். பெட்ரோல் பம்பின் அழுத்தம் சரியாக இருந்தது. கடைசியில், என்ஜின் தண்ணீரின் சூட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும் சென்சாரின் மேல் சந்தேகம் போயிற்று. என்ஜின் சில்லிட்டிருக்கிறது என்று அது சொன்னால் பெட்டி நம்பிக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும். சென்சாரை மாற்றினான். புகை நிற்கவில்லை. புதிதே கோளாறோ என்று இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. மூன்றுக்கும் புகை அசையவில்லை. சென்சார் மேல் குற்றமில்லை என்று முடிவு கட்டிவிட்டான்.

“அண்ணி, இது என்ஜின் இல்ல, பெட்ரோல் குடிக்கிற பேய்.”

“பேய ஓட்ட உனக்கு எவ்ளோ நாள் வேணும் தம்பி? எனக்குப் பதினாறு நாள்தான் இருக்கு.”

வேறு யோசனை எதுவும் மிச்சமில்லாததால், மறுநாள் காலை அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு புகையின் பின்னால் போனான். கிணற்றுக் கயிற்றில் நைந்த இடம் தேடுகிறவன் போல, ஒரு கையால் ஹாண்டில் பாரைப் பிடித்து, மறு கையின் பிடிக்குள் புகையை ஓடவிட்டுக்கொண்டே மிதித்தான். நாற்பத்து நாலு நாள் புகையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மணிக்கட்டுக் கனத்துக்கு ஆகியிருந்தது. நல்ல வண்டி என்றால் கிளம்பிய இடத்தில்தான் புகை தடித்திருக்கும். என்ஜின் சூடேறச் சூடேற மெலிந்து இல்லாமல் போகும். இது மேட்டிலும் அதே கனம், பள்ளத்திலும் அதே கனம். பாலத்தைத் தாண்டினான், பள்ளிக்கூடத்தைத் தாண்டினான். தோள்பட்டை வரை கரியானது. இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் கை வெறும் காற்றைப் பிடித்தது.

இறங்கிப் பார்த்தான். புகை கத்தியால் நறுக்கியது போல் முடிந்திருந்தது. எதிர் ஓரத்துப் புகையும் அப்படியே. அங்கே தார் பெயர்ந்து வெறும் ஜல்லியாகக் கிடந்தது ரோடு. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

“இங்க மட்டும் புகைய யாராச்சும் எடுத்துட்டீங்களா?”

“எடுக்கவா? இங்க வந்தாத்தானே எடுக்க. அந்தம்மா வண்டி இந்த ஜல்லி மேல கடகடன்னு போறப்ப ஒரு பொட்டுப் புகை இருக்காது. அந்தாண்ட நல்ல ரோட்டுல ஏறின உடனே குபுக்குன்னு வரும். நல்ல ரோடுன்னா உங்க வண்டிக்கு ஆகாதோ என்னமோ.”

ஒன்றரைக் கிலோமீட்டர் ஜல்லி. அதற்கப்பால் புகை மறுபடி முழுக் கனத்தோடு தொடங்கியது. குலுக்கினால் சரியாகும் கோளாறு ஒன்றுதான் உண்டு: எங்கோ ஒரு வயர் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. கொழுந்தன் அதற்கு மேல் போகவில்லை, சைக்கிளைத் திருப்பினான்.

சாயங்காலம் லோடு இறக்கி வந்த வண்டியை அணைக்க வேண்டாம் என்றான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு வயராக விரலால் ஆட்டிப் பார்த்தான். சென்சாரின் முனையில் மாட்டியிருந்த வயர் பிளக்கைத் தொட்டு லேசாக முன்னால் தள்ளியதும் உறுமல் தணிந்து சீரானது. பின்னால் குழாயில் புகை நின்றது. கையை எடுத்தான்; புகை வந்தது. வயர் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டு, உள்ளேயிருந்த பித்தளை முள் பின்வாங்கியிருந்தது. முள் தொடாதபோது பெட்டிக்கு உறைகுளிர் என்றே செய்தி போயிருக்கிறது. கட்டியிருந்தது ஒரு துணிக் கிழிசல். அந்த முடிச்சு யாருடையது என்று அவனுக்குக் கேட்காமலே தெரியும்.

அவன் அண்ணன் லோடு கட்டிய காலத்தில் அவர் போட்ட முடிச்சை யாரும் அவிழ்த்ததில்லை, அறுத்துத்தான் எடுப்பார்கள். இடுப்பு ஒடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூலில் உட்கார்ந்து என்ஜின் வயர்களைத் தன் பழைய தலைப்பாகைத் துணியால் ஒழுங்காகக் கட்டி வைப்பார். வண்டிக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றே. அதனால்தான் கொழுந்தன் மூன்று முறை சென்சார் மாற்றியபோதும் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. முடிச்சு விட்ட தூரத்துக்குள்ளேயே பிளக்கைக் கழற்றி மாட்டினான். அண்ணன் கட்டின் மேல் கை வைப்பது சட்டையைப் பிடிப்பது போல அவனுக்கு.

“கண்டுபிடிச்சிட்டியா?” என்றாள் லாரிக்காரி.

“ம்.”

அவள் எட்டிப் பார்த்தாள்.

“நான் அறுத்து எடுத்துடறேன் அண்ணி. அவருக்குத் தெரிய வேணாம். மனசு ஒடிஞ்சு போயிருவாரு.”

“அறுத்தா அடுத்த ஞாயித்துக்கிழம மறுபடி கட்டுவாரு. அவருகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல. வீட்டுக்கு வண்டிய எடு.”

வாசலில் வைத்தே சொன்னாள். நீட்டி முழக்கவில்லை; நீங்கள் இறுக்கிக் கட்டியதில் முள் நழுவிவிட்டது, அவ்வளவுதான் என்றாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டார்ச்சை அடித்து முடிச்சையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முப்பத்தொரு கிலோமீட்டரா?”

“போக ஒண்ணு, வர ஒண்ணு. நடுவுல ஒன்றரை கழிச்சுக்குங்க.”

“மூட்டை நகராம இருக்க இறுக்கணும். இது மூட்டை இல்லையே,” என்றார். பிறகு, யாராலும் அவிழ்க்க முடியாத அந்த முடிச்சை ஒரு கை விரல்களாலேயே அவிழ்த்தார். தம்பி முள்ளைத் தள்ளிப் பூட்டினான். அவர் அதே துணியால், உள்ளே ஒரு விரல் நுழைகிற இடம் விட்டு மறுபடி கட்டினார். “போதுமாடா?” என்று தம்பியிடம் கேட்டார். வண்டி விஷயத்தில் அவர் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

ஒன்றாம் தேதி பெரியவர் குழாயில் வெள்ளைத் துணி கட்டி, என்ஜினைக் கால்மணி நேரம் ஓடவிட்டார். அவிழ்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூக்கில் வைத்துப் பார்த்தார். துணியை மடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏழாம் நம்பர், சிமெண்டு,” என்று வழக்கமான குரலில் கூப்பிட்டார். லாரிக்காரி ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள்.

ஏற்கெனவே விட்ட புகை என்னவோ போகவில்லை. மூடுபனிக் காலத்தில் பஸ்காரர்கள் அதை ஒட்டியே ஓட்டினார்கள். ரோட்டோரம் புதிதாக வீடு கட்டியவர்கள் வாசலுக்கு நேராக அதை வெட்டி வழி விட்டுக்கொண்டார்கள். ஆறு வருடம் கழித்துப் புது ரோடு போட வந்த ஆட்கள் மூங்கில் கழிகளால் அதைத் தூக்கி வயலோரம் வைத்தார்கள். தார் ஆறியதும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்து, கையைக் கழுவிக்கொண்டு போனார்கள்.