ஜாடியில் பூக்காத முள்ளெலி

உருண்டை ஓட்டில் முள் அடர்ந்த கடல் முள்ளெலிக்குப் பெயர் சொல்வதில் அந்த அருங்காட்சியகத்தில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓட்டைத் திருப்பி, துளை வரிசையைப் பார்த்து, இன்ன இனம் என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். ஆனால் அவள் பார்த்ததெல்லாம் ஸ்பிரிட் ஜாடிக்குள் செத்து விறைத்தவை. கடலுக்குள் ஒரு தடவைகூடத் தலையை விட்டதில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. ஜனங்கள் தின்னும் முள்ளெலிகளை மூழ்கி அள்ளி விற்பவன். அன்று மத்தியானம் படகிலிருந்து போன் செய்தான். பாறையோரம் ஒரு புதுக் கூட்டம் கிடக்கிறது, முள் குட்டை, முதுகில் சிப்பித் துண்டுகளைச் சுமந்திருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டான்.

"முள்ளுக்கு நடுவுல பூப்பூவா விரிஞ்சிருக்குக்கா."

அக்கா சிரித்தாள். முள்ளெலியாவது, பூப்பதாவது! தின்னும் இனத்துக்கும் முள் குட்டைதான், அதுவும் சிப்பி சுமக்கும். பாசி ஏதாவது ஒட்டியிருக்கும், வழக்கம்போல வெறுங்கையாலேயே எடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் படகுக் கூட்டாளி தம்பியின் உடலையும் ஒரு வாளியையும் கொண்டுவந்தான். விஷம் ஏறி, கை மரத்து, தண்ணீருக்குள்ளேயே மூச்சு நின்றிருக்கிறது என்றார் டாக்டர். வாளியில் இருப்பது என்ன இனம் என்று அக்காவைத்தான் கேட்டார்.

எட்டிப் பார்த்தாள். முட்களுக்கிடையே வெளிர் சிவப்பில் குட்டிக் குட்டிப் பூக்கள். பேனா முனையை நீட்டியதும் அத்தனையும் வாயாக மூடிக் கடித்தன. இதே இனம் அவள் அறையில் ஒரு ஜாடியில் இருக்கிறது. ஸ்பிரிட்டில் அந்தப் பூக்கள் எள்ளளவாகச் சுருங்கிக் கிடக்கும். இத்தனை வருஷமும் அதைத் தூசி என்றே நினைத்திருந்தாள், பாவி.

பெயரைப் பிசகாமல் சொன்னாள். டாக்டர் குறித்துக்கொண்டார்.

பெஞ்சில் அம்மா அவள் தோளைப் பற்றியபடி வந்தவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கேட்காமல் எதையும் தொடமாட்டானாம், இன்றைக்குப் பார்த்துப் புத்தி கெட்டுப் போனானாம். படகில் போன் பேச்சு முழுவதையும் கேட்டிருந்த கூட்டாளி தரையைப் பார்த்து நின்றான். அவன் சொல்லப்போவதில்லை. பேசாமல் இருந்தால் பழி செத்தவனோடு போய்விடும். அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அவன் கேட்டாம்மா. நான்தான் கையாலயே எடுன்னு சொன்னேன்."

அம்மா கூட்டாளியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

தோளிலிருந்த கையை அம்மா எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பும்போது கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.