பல் விடாத சுவர்

இரண்டு சுவருக்கும் நடுவே இளைய மருமகள் சின்னவளின் சுண்டுவிரல் முழுசாக உள்ளே போனது. நேற்று மத்தியானம் தரை ஆடியது கண் மூடித் திறக்கும் நேரந்தான். அடுக்கிலிருந்த டம்ளர்கூட உருளவில்லை. ஆனால் வீட்டை இரண்டாக்கிய நடுச்சுவர், பழைய வெளிச்சுவரோடு சேரும் மூலையில் மேலிருந்து கீழ்வரை பிரிந்துவிட்டிருந்தது.

கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார். பழைய சுவருக்குள் செங்கல் நுனிகளைக் கோத்துப் பல் விட்டுக் கட்டவேயில்லை, சும்மா பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார். எப்படிக் கட்டுவார்கள்? பாகம் பிரித்த அன்று, என் பங்குச் சுவரில் ஒரு செங்கல்லைப் பேர்த்தாலும் கையை ஒடிப்பேன் என்று ஓரகத்தி பெரியவள் நின்றாள். அவர்கள் சுவர் எங்களோடு ஒட்டவே வேண்டாம் என்று சின்னவளும் சொன்னாள். இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

இன்னொரு தடவை ஆடினால் முதலில் விழுவது இதுதான், இறக்கிவிட்டு மரச்சட்டம் அடித்து லேசான பலகை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கொத்தனார். சின்னவளின் அறை குறுகல். தொட்டிலை எங்கே நகர்த்தினாலும் சுவர் விழுந்தால் பிள்ளை மேல்தான் விழும். அவள் உடனே தலையாட்டினாள். பெரியவள் முடியாது என்றாள். பலகை வைத்தால் இவள் முணுமுணுப்பெல்லாம் என் காதில் விழவா என்றாள்.

பிறகு இருவரும் தனித்தனியே கொத்தனாரை வாசலில் மடக்கி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எந்தப் பக்கம் விழும்?

அவர் தூக்குக்குண்டை இறக்கிக் காட்டினார். சுவர் சின்னவள் பக்கம் சாய்ந்திருந்தது. பெரியவள் முகம் தெளிந்ததை அவர் கவனித்தார்.

"அப்படிச் சந்தோஷப்படாதீங்கம்மா. உங்க சண்டையப் பாத்து அது விழாது. தரை தள்ளுற பக்கம் விழும்."

"விழட்டும். அவ மூஞ்சில முழிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்."

மறுநாள் அவர்கள் புருஷன்மார், அண்ணனும் தம்பியும், ஆளுக்கொரு வாசல் வழியே வேலைக்கு நழுவினார்கள். சின்னவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கொத்தனாரை ஏணியில் ஏற்றினாள். மேல்வரிசைக் கற்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்க, அவளே வாங்கி அடுக்கினாள். அந்தப் பக்கம் பெரியவள் ஆரம்பித்தாள். பிறந்த வீடு, வளர்ந்த லட்சணம், கல்யாணமான புதிதில் தீய்த்த பால் என்று எதையும் விடவில்லை. சின்னவள் அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினாள். வாயைத் திறந்தால் கையிலிருக்கும் கல் எங்கே போகும் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

சுவர் கழுத்தளவுக்கு வந்ததும் அந்த அறை தெரிந்தது. பெரியவளின் கட்டிலும் சுவரை ஒட்டித்தான் கிடந்தது.

"கட்டில நகத்துங்கக்கா. கல்லு விழும்."

"என் வீட்டுல எதை எங்க போடணும்னு நீ சொல்லாதடி."

சொல்லிவிட்டுப் பெரியவள் கட்டிலில் ஏறினாள். சுவரில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டி, அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். கல் லேசாக ஆடியது. கொத்தனார் கையை எடுத்துவிட்டார். அம்மா, எழுந்திருங்கள் என்றார். அவள் அசையவில்லை.

சின்னவள் அடுக்கிய கற்களைத் தாண்டி வந்தாள். தன் பக்கத்திலேயே, அந்த முதுகு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றினாள். அவள் தள்ளுகிறாளா தாங்குகிறாளா என்று ஏணியில் நின்றவருக்குத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவே காரைப்பொடி சரசரவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.