தொண்ணூற்றொரு கிலோமீற்றர்

வேகமானியில் தொண்ணூற்றொன்று என்று விழுந்ததும், வலைக்குப் பின்னால் நின்ற ஜெயராஜா கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். மாகாணப் பெண்கள் கிரிக்கெட் அணித் தெரிவுக்கு வந்திருந்த இருபத்தாறு பிள்ளைகளில் அதுவரை யாரும் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. பந்தை வீசியவள் அவருடைய மகள் டினோஜா, பதினாறு வயது. பக்கத்தில் நின்ற தகப்பன்மார் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டார். அப்படி வைத்துக்கொள்வதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. அதை மிச்சம் வைக்காமல் அனுபவித்தார்.

ஜெயராஜா கல்லடியில் படகு எஞ்சின் திருத்துகிறவர். எட்டுக் குதிரைவலு எஞ்சின் அவர் கைபட்டு வந்தால் பத்துப் போல இழுக்கும் என்று வாவியில் தொழில் செய்கிறவர்கள் சொல்வார்கள். சொல்லிச் சொல்லியே மனிதரைக் கெடுத்துவிட்டார்கள். உலகத்தில் எதைக் கொடுத்தாலும் இதற்குள் இன்னும் எவ்வளவு வேகம் ஒளிந்திருக்கிறது என்றுதான் அவருக்கு யோசனை ஓடும். இரும்போடு நின்றிருந்தால் ஒருவருக்கும் கேடில்லை.

தை மாதம் ஏறாவூரில் நடந்த பாடசாலைப் போட்டியில் டினோஜா ஐந்து விக்கெட் எடுத்தாள். ஒன்பது அடி எடுத்து வைத்து ஓடிவந்து, அவசரமில்லாமல் விடுகிற பந்து. வெளியே போகப்போகிறது என்று நம்பி எதிரே நிற்கிறவள் மட்டையைத் தூக்குவாள். பந்து கடைசி நேரத்தில் மனம் மாறியது போல உள்ளே வளைந்து விக்கெட்டைத் தட்டிவிடும். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ரெனிஸ் பந்தின் ஒரு பக்கத்தில் வயர் சுற்றுகிற கறுப்பு ரேப்பை ஒட்டி, வீட்டுச் சுவரில் எறிந்து எறிந்து அவளாகவே கண்டுபிடித்தது. அன்று எல்லைக்கோட்டருகே நின்ற யாரோ ஒருவன், புள்ளை வீசுகிற போல் மெதுவாக வருகிறதே, மாகாணத்துக்குப் போனால் மெஷின் வைத்து அளப்பார்களே என்று சொல்லிவிட்டுப் போனான். ஐந்து விக்கெட்டும் ஜெயராஜாவின் கண்ணில் படாமல் போயின. அன்றிரவே வேகம் அளக்கிற செயலியைத் தொலைபேசியில் இறக்கினார். மறுநாள் அது எழுபத்தெட்டு என்று காட்டியபோது, தன்னையே யாரோ அளந்து குறைத்துவிட்டது போல அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நாலு மாதம் கல்லடிக் கடற்கரைதான். ஒன்பது அடி ஓட்டம் பதினாறாயிற்று. சோடாப் போத்தலில் மணல் நிரப்பிக் கையைச் சுழற்ற வைத்தார்; அந்தப் பாரத்துக்கு மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாயும். கடலைப் பார்த்து வீசச் சொல்வார். முதுகுக்குப் பின்னாலிருந்து கச்சான் என்கிற மேல்காற்று தள்ளும். செயலி தொண்ணூற்றுமூன்று காட்டும். அதில் காற்றின் பங்கு எவ்வளவு என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு இலக்கமும் லண்டனிலிருக்கும் மைத்துனருக்கும் கனடாவிலிருக்கும் தம்பிக்கும் உடனுக்குடன் போய்ச் சேர்ந்தது. மனைவி மார்கிறட் பிள்ளையின் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, இது என்ன புள்ளையா எஞ்சினா என்று கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்திரை மாதம் டினோஜாவே ஒருநாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நின்றாள்.

"அப்பா, போல் இப்ப உள்ளுக்கு வருகுதில்ல."

"முதல்ல எஞ்சின் மகள். சுக்கானப் பிறகு பாக்கலாம்."

அவள் திரும்பிப்போய்ப் பதினாறு அடியை அளந்தாள். தகப்பன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பிள்ளை அவள். அவளுக்கு வாய்த்த குறை அது ஒன்றுதான்.

இப்போது, வலைக்குப் பக்கத்தில், கொழும்பிலிருந்து வந்திருந்த தெரிவாளர் அம்மா கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றொன்றை அவர் பார்த்தார். ஆனால் எழுதவில்லை. டினோஜாவின் பாடசாலை விளையாட்டு ஆசிரியை சுகந்தினியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சுகந்தினி முகம் மலர வலையருகே வந்தாள்.

"டினோஜா, ஏறாவூர் மெச்சில போட்ட அந்த வளையிற போலைத்தான் இவங்களுக்குப் பாக்கணுமாம். அண்டைக்கி நின்ட அம்பயர் சொல்லித்தான் உன்ன வரச்சொன்னவங்களாம். வேகம் வேணாமாம்."

டினோஜா திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை அது. ஜெயராஜா போடு என்று தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஒன்பது அடியிலிருந்து ஓடிவந்தாள். பந்து நேராகப் போனது. அடுத்ததும் நேராகப் போனது. வேகத்தையும் விட்டுவிட்டதால், மட்டையோடு நின்ற பிள்ளை இருந்த இடத்திலேயே நின்று வலை அதிர அடித்தாள். ஆறு பந்து முடிந்ததும் டினோஜா இன்னும் ஒன்று கேட்டு வாங்கினாள். துடைத்தாள், விரலை மாற்றி வைத்தாள், மீண்டும் மாற்றினாள். அதுவும் நூல் பிடித்தது போல நேராகவே போனது. தெரிவாளர் அம்மா மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்து வந்தவள் ஏறாவூர் முப்லிஹா. பதினாலு வயது, தொப்பிக்குள் தலைத்துணியை இறுக்கிச் செருகிய மெலிந்த பிள்ளை. தை மாதப் போட்டியில் டினோஜாவிடம் விக்கெட்டைப் பறிகொடுத்தவர்களில் ஒருத்தி. மெஷினில் எழுபத்துநாலு விழுந்தது. ஜெயராஜா சிரிக்கப் பார்த்தார். ஆனால் அதற்குள் பந்து வெளியே போவது போலப் போய் உள்ளே வளைந்து விக்கெட்டைத் தட்டிவிட்டது. அடுத்ததும் அப்படியே வந்தது. அந்தப் பந்தை அவருக்குத் தெரியும். அவருடைய வீட்டுச் சுவரில் இன்னும் அதன் அடையாளம் இருக்கிறது. தெரிவாளர் அம்மா குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார்.

மத்தியானம் பதினாலு பெயர் வாசித்தார்கள். முப்லிஹாவின் பெயர் மூன்றாவதாக வந்தது. டினோஜாவின் பெயர் வரவில்லை. ஒருவேளை விட்டுப்போயிருக்கும் என்று ஜெயராஜா ஆசிரியையைக் கேட்கப் போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். டினோஜா மரத்தடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் முப்லிஹா ஓடி வந்தாள்.

"அக்கா, உங்கட போலைத்தான் நான் போட்டன். அண்டைக்கி என்ன அவுட்டாக்கினீங்களே, எங்கட மூத்த நானா வீடியோ எடுத்தவர். அதப் பாத்துப் பாத்துத்தான் பழகினன்."

பிள்ளை நன்றி சொல்ல வந்திருந்தாள். களவெடுத்தவள் என்று அவளைத் திட்ட ஜெயராஜாவின் நாக்கு துடித்தது. அந்தப் பந்தை எடுத்துக் கடலில் வீசியவன் நான் என்று அடுத்த கணமே தெரிந்தது. டினோஜா பையிலிருந்து பந்தை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒருக்காக் காட்டு. விரல் எங்க வைக்கிற?"

அக்கா பகிடி விடுகிறாள் என்று முப்லிஹா சிரித்தாள். பிறகு முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பந்தை டினோஜாவின் கைக்குள்ளேயே திருப்பிவைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தையல் மேல் வைத்தாள். மணிக்கட்டை நிமிர்த்தினாள்.

"இப்பிடித்தானே வச்சீங்க?"

அவள் கையை எடுத்ததும் டினோஜாவின் மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முப்லிஹா திரும்பவும் நிமிர்த்திப் பிடித்தாள். விட்டாள். திரும்பவும் சாய்ந்தது.