தெற்கே திரும்பிய பீங்கான்

கோவில்பட்டியில் ஜஹாங்கீர் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட், 2002ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், மேற்கே பார்த்திருந்தது தெற்கே திரும்பி உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குச் சந்தையில் கத்திரிக்காய் கிலோ எட்டு ரூபாய்.

ஜஹாங்கீர் புதியம்புத்தூரிலிருந்து ரெடிமேட் துணி எடுத்துவந்து விற்கிறவர். அவர் மனைவி பதருன்னிசாவுக்கு நாலு வருஷமாக மூட்டுவலி. பழைய கக்கூசில் குத்தவைத்து எழுந்திருக்க அவர் பிடித்துத் தொங்கியதில் இரண்டு குழாய்கள் கையோடு வந்திருக்கின்றன. இனிக் குத்தவைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வெள்ளைப் பீங்கான் வாங்கினார்கள். மாட்ட வந்தவன் பிளம்பர் வேல்சாமி. கழிவுக் குழாய் கிழக்குச் சுவரில் இருந்தது. அதை மாற்றத் தரையைத் தோண்ட வேண்டும். கரிசலைத் தோண்டினால் வீடு வாயைப் பிளந்துவிடும். அதனால் பழைய குழாயிலேயே சேர்த்துவிட்டான். கக்கூசில், தொழும் திசையான கிப்லா இருக்கும் மேற்கைப் பார்த்தும் உட்காரக்கூடாது, அதற்கு முதுகைக் காட்டியும் உட்காரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தெரியாதவன் வேல்சாமி ஒருவன்தான், அவனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஜஹாங்கீர் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வருவதற்குள் வெள்ளை சிமெண்ட் இறுகிவிட்டது.

“ஏலே, இது மேக்கயில்லா பாக்குது?”

“பைப்பு கெழக்க இருக்கு அண்ணாச்சி. பீங்கான் வேற எங்கிட்டுப் பாக்கும்?”

பதருன்னிசா அதில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். பழையதை உடைத்து அள்ளியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ராதாமணியின் கக்கூசில் குத்தவைத்து எழுந்தபோது வலி பொறுக்காமல் அழுதேவிட்டார். மறுநாள் காலையில்தான் பீங்கான் திரும்பியது. போல்ட் அசையவில்லை, சிமெண்டில் கீறல் இல்லை. குழாய் மட்டும் கீரைத்தண்டு மாதிரி நீண்டு வளைந்து கூடவே போயிருந்தது. வேல்சாமி நாலு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவனுக்கு அது அவமானமாக இருந்தது. கரிசல் மண்ணில் இதெல்லாம் சகஜம் என்று ஒரு இன்ஜினியர் வந்து சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் தெற்கே இடம் போதவில்லை. உட்கார்ந்தால் பதருன்னிசாவின் முழங்கால்கள் சுவரில் முட்டின. ஒருச்சாய்ந்து உட்கார்ந்தால், குத்தவைப்பதே தேவலை என்றிருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த தெற்குச் சுவர், தினம் ஒரு விரல் வீதம் பின்வாங்கத் தொடங்கியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ராதாமணியின் அடுப்பங்கரை. அவள் புருஷன் வேணுகோபால், ஒரு சாண் சுவருக்காகக் கூடப்பிறந்த அண்ணன்மேல் ஏழு வருஷம் கேஸ் நடத்தியவர். சுவர் முக்கால் அடி வந்தபிறகு அவர் டேப்பை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போகும் சத்தம் பதருன்னிசாவுக்குக் கேட்டது. பதருன்னிசா அப்போது கக்கூசுக்குள்தான் உட்கார்ந்திருந்தார். போச்சு, இனிக் கோர்ட்டு வாசல்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வேணுகோபால் இரண்டு தடவை அளந்தார். கிரைண்டர் சுவரோடு நெருக்கிக்கொண்டு நின்றது. ராதாமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “பாவம், அக்கா எங்க வீட்டுல குத்தவச்சு எந்திரிக்க அன்னைக்கு அழுதாக,” என்றாள். அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

“ஏட்டி, அவியளுக்கு இன்னும் முட்டு இடிக்குதான்னு கேளு.”

ராதாமணி சுவரில் வாயை வைத்துக் கேட்டாள். இந்த மாதிரி இடத்திலிருந்து எப்படிப் பதில் சொல்வது என்று பதருன்னிசாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

“ஒரு ரெண்டு விரக்கட, ராதாமணி.”

வேணுகோபால் கிரைண்டரை இரண்டு விரல் தள்ளி வைத்தார். மறுநாள் காலை சுவர் அதுவரைக்கும் வந்து நின்றுகொண்டது. ராதாமணி அதில் ஒரு ஆணி அடித்துக் காலண்டரை மாட்டினாள்.