கடைசியில் நின்ற கட்டுச்சேவல்

கரும்புக்கடை வட்டாரத்தில் சமீராவின் கைக்கு இருந்த பேர் லேசுப்பட்டதல்ல. அண்ணன் உமர் பாரூக்கின் பனியன் பிரிண்டிங் பட்டறைக்கு எந்தப் படம் வந்தாலும் அவள்தான் ஃபிலிமில் டிரேஸ் எடுப்பாள். அவள் இழுத்த கோட்டை இன்னொருவர் திருத்தியதில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கத்தான் அவளுக்குத் தெரியாது.

தொண்ணூற்று மூன்றில், திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலுமணி நாலு படங்களோடு வந்தார். அமெரிக்காவில் ஏதோ ஒரு பேஸ்பால் டீமாம். ஆரம்பித்த நாளிலிருந்து சேவல்தான் சின்னம். அவ்வப்போது அதையே மாற்றி மாற்றி வரைந்திருக்கிறார்கள்.

"பழசுல இருந்து புதுசு வரைக்கும் வரிசையா பனியன் நெஞ்சுல அடிக்கோணுமுங்க அம்மணி. எது எந்த வருசம்னு ஃபேக்ஸ் வரும், பார்த்துட்டு அடிங்க. இது ஓகே ஆச்சுன்னா எங்க கம்பெனி டிரேஸிங் மொத்தமும் உங்களுக்குத்தானுங்க."

சமீரா படங்களைப் பரப்பினாள். கழுத்துச் சிலிர்த்து நிற்கும் ஒல்லிச் சேவல் ஒன்று. மட்டையைத் தோளில் சாத்தியது ஒன்று. தொப்பி போட்டது ஒன்று. நாலாவது, தொந்தியும் தொப்பையுமாகப் பல்லைக் காட்டிச் சிரித்தது. கோழிக்கு ஏது பல்? அமெரிக்காக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

"இதுக்கெதுக்குங்கண்ணா ஃபேக்ஸு? இந்தப் பல்லடம் பிராய்லர்ல ஆரம்பிச்சு, சண்டைக்கு நிக்கற இந்தக் கட்டுச்சேவல்ல முடிச்சிருப்பாங்க. கட்டுச்சேவல் வெச்சிருக்கறவன் எவனாச்சும் பிராய்லருக்குப் போவானுங்களா?"

சேவக்கட்டு பார்த்து வளர்ந்த வேலுமணிக்கும் அது நியாயமாகவே பட்டது. ஃபேக்ஸ் வருமுன்பே சாம்பிள் கூரியரில் ஏறிவிட்டது. கடைசியில் நின்ற ஒல்லிச் சேவலுக்கு இறகு இறகாக உயிரைக் கொடுத்திருந்தாள் சமீரா.

பதில் வந்தது. வரிசை தலைகீழ். ஒல்லிச் சேவல்தான் ஆதிச் சின்னம். சிரிக்கும் பிராய்லர்தான் இப்போதையது. அட, ரசனை கெட்டவர்களே! மாற்றி அடித்துக் கொடுத்தாள். ஆனாலும் கம்பெனியின் டிரேஸிங் பம்பாய்க்குப் போய்விட்டது. அவளுக்குப் பள்ளிக்கூட விளையாட்டுப் பனியன்கள் மிஞ்சின. வழியில் பார்க்கும்போதெல்லாம் வேலுமணி, "என்னுங்க, பிராய்லர் அம்மணி?" என்பார். மூக்கறுபட்டது வலித்தது. வரிசை தப்புதான், ஒப்புக்கொண்டாள். கட்டுச்சேவல்தான் உசத்தி என்பதில் மட்டும் அவள் இறங்கி வரவே இல்லை.

தொண்ணூற்றாறில் வேலுமணி மறுபடி பட்டறைக்கு வந்தார். கேலி பேசவில்லை. ஒரு தாளை மேசையில் வைத்தார். அவள் தப்பாக அடித்த அதே சாம்பிளின் நகல்; கடைசிச் சேவலைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"வேண்டாம்னு சொன்ன அந்த சாம்பிளை அமெரிக்காக்காரங்க தூக்கிப் போடாம ஆபீஸ்ல மாட்டி வெச்சிருந்தாங்களாமுங்க. பாத்துப் பாத்து மனசு மாறி, பிராய்லரை எடுத்துப்போட்டாங்க. அடுத்த சீசன்ல இருந்து இந்தச் சேவல்தான் சின்னமாமுங்க. தொப்பி, பனியன், எல்லாத்துலயும். இதை வரைஞ்ச கையே வரையோணும்னு எழுதியிருக்காங்க."

கடல் தாண்டி ஒரு கூட்டமே தன் சேவலைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடப்போகிறது என்று நினைக்கையில் சமீராவுக்குப் பெருமை தாங்கவில்லை. உமர் பாரூக் டிரேஸிங் கண்ணாடியைத் துடைத்து விளக்கைப் போட்டார்.

"இந்தத் தடவ ஃபேக்ஸ் வந்தாத்தான் தொடுவேனுங்கண்ணா," என்றாள் சமீரா.

"இருக்கறதே ஒரு சேவல். இதுக்கெதுக்குங்க அம்மணி ஃபேக்ஸு?"

அவள் அதற்குள் பேனாவைத் திறந்திருந்தாள்.