மச்சான் வாய்

விலிகேசா அன்று மைதானத்துக்குப் போனதே நடுவரைத் திட்டத்தான். நடுவர் அபிசாய் அவனுடைய தாய்மாமன் மகன். பிஜிக்காரன் மச்சானைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று ஊர் பேச ஆரம்பித்துவிடும்.

"ஏ மச்சான், இந்தக் காலை வச்சிக்கிட்டு நீயே ஓடப்போறியா, இல்ல நாலு பேரு தூக்கிட்டு ஓடணுமா?"

அபிசாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் கொடுத்தான். "நான் ஓடிருவேன்டா. உன் வயித்தத் தூக்கத்தான் நாலு பேரு வேணும்."

மண்மேட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் என்றால், மீதிப் பேர் இவன் வாயைக் கேட்க வந்தவர்கள். விலிகேசாவுக்கும் அது தெரியும். தெரிந்ததால் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள்தான். இரு பக்கமும் ஒவ்வொரு கோல். இவர்கள் ஊர் ஆட்டக்காரன் நைவலு பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்தான். எதிரணிக்காரன் கிட்டே வருவதற்குள்ளேயே குண்டடி பட்டவன் மாதிரி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். அவனைத் தொட்டது காற்று மட்டும்தான். விலிகேசா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது பளிச்சென்று தெரிந்தது.

அபிசாய் பெனால்டி கொடுக்கவில்லை. ஏமாற்றப் பார்த்ததற்காக நைவலுவுக்கே மஞ்சள் அட்டையைக் காட்டினான். மச்சான் கண்ணே கண்ணு என்று விலிகேசா மனதுக்குள் மெச்சிக்கொண்டான். வாய் மட்டும் பழக்கதோஷத்தில் அதன் வழியில் போனது.

"குருட்டுப் பயலே, அவனுங்ககிட்ட எவ்வளவுடா வாங்குன?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து கூட்டத்தைப் பார்த்தான். "கேட்டீங்களா? சொந்த மச்சானே சொல்றான். வீட்டு ஆளுக்குத் தெரியாதா அவன் யோக்கியத?"

"திருட்டு நடுவர்" என்று மேடு முழுக்கக் கத்தத் தொடங்கியது. அப்போதே விலிகேசா எழுந்து, அது விளையாட்டுக்குச் சொன்னது, நைவலு நடித்தான், தீர்ப்பு சரிதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் வார்த்தையை இத்தனை பேர் பிடித்துக்கொண்டு கத்துவது அவனுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பாழாய்ப்போன பெருமை அடங்குவதற்குள் எங்கிருந்தோ ஒரு பாட்டில் பறந்தது. அபிசாய் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது.

வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அபிசாய் வீடு திரும்பியதும், மன்னிப்புக் கேட்கும் முறைப்படி கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு விலிகேசா போனான். வாசலை ஒட்டியே சம்மணமிட்டு உட்கார்ந்து வேர்க்கட்டைப் பாயில் வைத்தான். தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அவன் நடிச்சது எனக்குத் தெரியும் மச்சான். நீ செஞ்சதுதான் சரி. தெரிஞ்சேதான் கத்துனேன். கூட்டம் கெளம்புனப்ப தடுக்கவும் இல்ல. பாவி நான்."

கண்ணில் கட்டோடு இருந்த அபிசாய் வேர்க்கட்டைத் தொட்டு, உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டி ஏற்றுக்கொண்டான். "பரவாயில்லைங்க. மன்னிச்சாச்சு. உள்ள வந்து உக்காருங்க."

வேரை இடித்துக் கரைத்தார்கள். முதல் சிரட்டை விலிகேசாவுக்கே வந்தது. குடித்துவிட்டுச் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

"பாத்தியா மச்சான், இன்னும் பெருத்திருச்சு. இப்போ தூக்குறதுக்கு எட்டுப் பேரு வேணும்."

சொல்லிவிட்டு அபிசாயின் முகத்தையே பார்த்தான். பன்றி என்று ஒரு சொல் வந்தால் போதும். கழுதை என்றாலும் சரி. அதைக் கேட்டுவிட்டால் அன்றிரவு தூங்கிவிடுவான்.

"உடம்பப் பாத்துக்குங்க," என்றான் அபிசாய். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க," என்றான் விலிகேசா. சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான்.

அபிசாய் அடுத்த சிரட்டையை நிரப்பி, இரண்டு கைகளாலும் பிடித்து, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல மரியாதையாக அவனிடம் நீட்டினான்.